லேபிளற்ற மாத்திரையும் சட்டத்தின் தண்டனையும்

மருத்துவரின் மருந்துச் சீட்டைக் காணாமல் மருந்தை விற்றுவிட்ட கடைக்காரர், பிழைபட்ட லேபிளுடைய மருந்தை விற்ற குற்றத்திற்கே ஆளாகிறார் என்னும் அமெரிக்கச் சட்டக் கோட்பாடு, மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இல்லாத பிழையை இருப்பதாகக் கற்பிக்கும் யுக்தியாகத் தோன்றக்கூடும். ஆயினும், குணத்தைப் போலவே லேபிளும் மருந்தின் ஓர் அங்கம் என்று கொள்வோமாயின் அதன் நியாயம் விளங்கும்.

1937-இல் டென்னஸி மாநிலத்துக் கம்பெனியொன்று சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்து 'எலிக்ஸிர்' என்ற பெயரில் விற்றதனால், பல குழந்தைகள் உட்பட 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டுமென்ற விதி அன்று இல்லாமையால், எலிக்ஸிர் எனப்படுவதில் ஆல்கஹால் இருத்தல் வேண்டும், இதில் அது இல்லை என்ற காரணத்தைப் பற்றியே அரசு வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அத்தனை உயிர்கள் போயும் விதிக்கப்பட்டது அபராதம் மாத்திரமே. மறு ஆண்டே உணவு, மருந்து, அழகுப் பொருள் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டம் சில்லறைக் கடையையும் கட்டுப்படுத்துமா என்ற வினா சல்லிவன் வழக்கில் எழுந்தது. ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரில் மருந்துக்கடை நடத்திய அவர், முறையான லேபிளுடன் வந்த 1000 சல்ஃபதயசோல் மாத்திரைகள் அடங்கிய புட்டியிலிருந்து, 1944 டிசம்பரில் இருமுறை பன்னிரண்டு மாத்திரைகளை எடுத்துச் சிறு பெட்டிகளில் இட்டு, மருந்தின் பெயரை மட்டும் குறித்து விற்றார். மருத்துவரின் ஆணைப்படியன்றி உட்கொள்ளலாகாது, சிலருக்குக் கடுமையான நச்சு விளைவுகள் நேரலாம் என்ற எச்சரிக்கைகளோ புட்டியோடு நின்றுவிட்டன. நோயாளி அறியவேண்டியது நோயாளியின் கைக்கு எட்டவில்லை. 1948-இல் உச்சநீதிமன்றம் அவர் குற்றவாளியே என்று தீர்ப்பளித்தது. நான் அதனை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

மிட்டாயை ஜாடியிலிருந்து காகிதப் பையில் இடுவதும் இவ்வாறே குற்றமாகிவிடாதா என்று வினவி நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் மாறுபட்டார். அறிந்து செய்யாத பிழைக்கும் தண்டனை உண்டு, தீங்கைத் தடுக்கும் வாய்ப்புடையவரே பாரத்தைச் சுமக்க வேண்டும் என்று 1943-இல் டாட்டர்வைக் வழக்கில் தீர்ப்பெழுதியவரும் அவரே என்பது கருதத்தக்கது. மிட்டாயால் உயிர்ச்சேதம் நேர்வதில்லை. ஆதலின் அவ்வுவமை இங்கே பொருந்தாது. மேலும், 1938-ஆம் ஆண்டுச் சட்டம் முதற் குற்றத்திற்கு ஓராண்டுச் சிறையும் 1000 டாலர் அபராதமும், வஞ்சக நோக்கத்திற்கோ மறு குற்றத்திற்கோ மூன்றாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் உச்ச வரம்பாக விதித்தது. அறியாமையையும் வஞ்சகத்தையும் ஒரே அளவுகோலால் அளக்காத இவ்வேற்றுமை, கடுமையைப் பற்றிய அச்சத்தைப் பெரிதும் போக்கிவிடுகிறது.

1951-இல், டர்ஹம், ஹம்ஃப்ரி என்னும், தாமே மருந்தாளுநர்களாயிருந்த இருவரது பெயரால் வழங்கும் திருத்தம், மருத்துவரின் மேற்பார்வையிலன்றிப் பயன்படுத்தலாகாத மருந்தைச் சீட்டின்றிக் கொடுப்பதே லேபிள் பிழைக்குச் சமம் என்று வரையறுத்தது. சீட்டின்படி கொடுப்போர்க்கு லேபிள் விதிகள் பலவற்றிலிருந்து விலக்கும் அளித்தது. புட்டியில் அச்சிட்ட எச்சரிக்கையின் இடத்தில் மருத்துவரின் அறிவு வந்து நிற்பதனாலேயே அவ்விலக்குச் செல்லும்; அவ்வறிவும் இல்லாதபோது நோயாளிக்கு எஞ்சும் காவல் யாதுமில்லை. ஆயினும் இத்தண்டனை மட்டும் போதாது. கடையின் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் மாநில மருந்தியல் வாரியங்களிடம் இருப்பதால், கூட்டரசின் தண்டனையை அவை தம் விசாரணைக்குத் தொடக்கமாகக் கொள்ளாதவரை, அபராதத்தைச் செலுத்திவிட்டு மறுநாளே அதே கடையைத் திறப்பவரைத் தடுக்க இயலாது.