ரெக்கார்டு

லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். ஒன்றைத் திரும்ப நெஞ்சுக்குக் கொண்டுவருவது 'ரெகோர்டாரி'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய், நினைவு என்ற பொருள் மெல்ல எழுதிவைத்த சாட்சியாக மாறியது. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமும் திருவிழா ரெக்கார்டு டான்ஸும் நமக்கு ஒரே சொல்தான்.

1988-இல் வந்த அமெரிக்கச் சட்டப்பிரிவு 2257 இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது எனலாம். பாலுறவுப் படம் எடுப்பவர், நடிப்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, இயற்பெயர், பிறந்த தேதியோடு மேடைப்பெயர், பட்டப்பெயர்வரை குறித்துவைக்க வேண்டும். சிறார் யாரும் நடிக்கக்கூடாது என்பதற்கே இத்தனை கெடுபிடி. அந்த ரெக்கார்டு எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பிரதியிலும் காட்டவேண்டும். இணையதளமென்றால் அந்தப் படம் வரும் பக்கந்தோறும். முதல்முறை தவறினாலே 5 ஆண்டுவரை சிறை.