புகையிலையும் ஃபத்வாவும்: ஈரான், 1890–1892

1890 மார்ச்சில் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை உற்பத்தி, விற்பனை, ஏற்றுமதி அனைத்தின் மீதும் 50 ஆண்டுக்கால ஏகபோக உரிமையை ஆங்கிலேயரான மேஜர் டால்பட்டுக்கு வழங்கினார். ஈடாக அரசுக்குக் கிடைக்கவிருந்தவை, ஆண்டுக்கு 15,000 பவுண்டும் இலாபத்தில் கால் பங்கும். விளைவித்தவரும் விற்றவரும் அந்நிய நிறுவனம் ஒன்றைச் சார்ந்தே வாழும் நிலை உருவானது.

1891இல் ஷிராஸ், தப்ரீஸ், இஸ்ஃபஹான் நகரங்களில் எதிர்ப்பு மூண்டது. டிசம்பரில், சாமர்ராவில் வாழ்ந்த ஷியா மார்க்க அறிஞர் மிர்சா ஹசன் ஷிராஸியின் பெயரால் ஒரு ஃபத்வா வெளிவந்தது. புகையிலையைப் பயன்படுத்துவது மறைந்திருக்கும் இமாமுக்கு எதிராகப் போரிடுவதற்கு ஒப்பாகும் என்பது அதன் சாரம். மக்கள் புகைப்பதைக் கைவிட்டனர். அரண்மனை அந்தப்புரத்திலும் ஹூக்கா அணைந்தது. 1892 ஜனவரியில் உரிமை முற்றிலும் இரத்தாயிற்று.

இதனை வெறும் சமயவெறி என ஒதுக்குவது பொருந்தாது. உரிமை நீங்கியதும் விலக்கும் நீங்கியது. ஆகவே விலக்கப்பட்டது புகையிலையன்று, அதன்மீது படிந்த அந்நிய ஆதிக்கமே. மார்க்கக் கொடைகளால் உலமாக்களைத் தாங்கிவந்தவர்கள் கடைவீதி வணிகர்கள். அவர்களது இழப்பும் உலமாக்களின் அச்சமும் ஒன்றுகூடியபோது, நாடெங்கும் எட்டக்கூடிய மொழியாக அமைந்தது மார்க்கத்தின் மொழி.

வெற்றிக்கும் விலை இருந்தது. 5,00,000 பவுண்டு இழப்பீட்டைச் செலுத்த, பிரிட்டிஷ் உடைமையான இம்பீரியல் வங்கியிடமே அரசு கடன்பட்டது. ஆதிக்கம் ஒரு வாயிலில் வெளியேறி மறு வாயிலில் நுழைந்தது. எனினும் வணிகர்–உலமா கூட்டணி கலைந்துவிடவில்லை. 1905இல் தொடங்கிய அரசியலமைப்புப் புரட்சியில் அது மீண்டும் தலைதூக்கியது. அப்போது அது கேட்டது ஓர் உரிமத்தின் இரத்தையன்று, மன்னரின் அதிகாரத்திற்கே ஒரு வரம்பை.