விமானம் பறக்க எந்தப் பெட்டி வேண்டும்?

"பையன் புது ஃப்ளைட் சிமுலேட்டர் கேட்கிறான், கம்ப்யூட்டரை மாற்றணுமா?" இந்தக் கேள்விக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

புரூஸ் ஆர்ட்விக் எழுதிய இந்த விளையாட்டை 1982ல் ஐபிஎம் பிசிக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஐபிஎம் மாதிரியே செய்த மலிவுப் பெட்டிகளுக்கு அன்று இரண்டு பரீட்சை: லோட்டஸ் 1-2-3ல் கணக்கு போட முடிகிறதா, இந்த விமானம் பறக்கிறதா? எங்கள் தொழிலுக்கும் விளையாட்டுக்கும் ஒரே பரீட்சை!

2006 அக்டோபரில் வந்த 'ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்', விலை உயர்ந்த பெட்டிகளிலும் திணறியது. காரணம், ஒற்றைக் கோரின் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி எழுதினார்கள். சூடு தாங்காததால் சிப் கம்பெனிகளோ வேகத்தை விட்டுவிட்டு, கோர்களை இரண்டு, நான்கு என்று கூட்டின. வங்கியில் நாலு கவுண்டர் திறந்தும் கூட்டம் ஒன்றிலேயே நின்ற கதைதான். 2007ல் வந்த சர்வீஸ் பேக் ஓரளவு சரிசெய்தது.

2020 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், 150 ஜிபி இடம் வேண்டும்.

ஆகவே மொத்தப் பெட்டியையும் மாற்றும் முன், விமானம் திக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு முழுமூச்சாக உழைத்தால் கார்டை மாற்றுங்கள். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம். இரண்டும் சும்மா இருந்தால்தான் பிராசஸர். மிச்சப் பணம் ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்கு ஆகும்!