இருப்புப்பாதைப் பாலங்களும் ஆற்று மணலும்

ஊரும் ஊரும் உறவாடுதற்கு வழி வேண்டும். வழியை ஆறு மறிக்குமாயின் பாலம் வேண்டும். பாலத்தின்மேற் செல்வோர் பலர். அதன் அடியை நினைப்போர் சிலரே. சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டில் இந்நாட்டிற் புகுந்த இருப்புப்பாதைப் பாலங்கள் எவ்வாறு அமைக்கப்பட்டன, எதனால் நிற்கின்றன, எதனால் வீழ்ந்தன என்பவற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலமென்று கருதி இக்கட்டுரையை எழுதலாயினேன்.

நம் இருக்கன்குடி, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ளது. இரு கங்கைகள் கூடுதலின் இருகங்கைக்குடி எனப் பெயர் பெற்றுப் பின்னர் இருக்கன்குடி என மருவிற்று என்பர் பெரியோர். இவ்விரண்டும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடப்பன; கோடையிற் குழந்தையும் நடந்து கடக்கும். ஐப்பசி, கார்த்திகையிற் பெருமழை பெய்யினோ ஓரிரவிற் கரைபுரண்டு வரும். மதுரையினின்று விருதுநகர், சாத்தூர், கோவிற்பட்டி வழியாகத் தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை, இவ்விரண்டு ஆறுகளும் கூடுதற்கு முன்னரே நம்மூர்க்கு மேற்கே அவற்றைத் தனித்தனியே கடந்து செல்கின்றது.

சென்னை இராயபுரத்தினின்று வாலாஜா வரையிலும் முதற் புகைவண்டி ஓடியது 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள். 1874-இல் தென்னிந்திய இரயில்வே என்னும் கம்பெனி அமைந்தது. 1876-இல் இருப்புப்பாதை தூத்துக்குடித் துறையை எட்டியது. விருதுநகர் அக்காலத்தில் விருதுபட்டி எனவே வழங்கிற்று. அதுகாறும் கரிசற்காட்டுப் பருத்திப் பொதிகள் மாட்டுவண்டிகளிற் பல நாட்பயணமாகத் துறைக்குச் சென்றன. மழைக்காலத்தில் ஆறு பெருகின் வண்டிகள் கரையிலே காத்துக் கிடக்கும். பொதி நனையின் வணிகனுக்கு நட்டம், உழவனுக்குக் கடன். அக்காத்திருத்தலை ஒழித்தது பாலம் என்க. நம் முன்னோர் வாணிகம் பேட்டையினின்று துறைமுகம் வரை தடையின்றிச் சென்றமைக்கு இருப்புப்பாதையே காரணமென்பர்; ஆற்றைக் கடக்கும் பாலம் இல்லையேல் அப்பாதை கரையோடு நின்றிருக்கும் அன்றோ!

இனிப் பாலம் அமைக்கும் முறையைக் காண்போம். முதலில் எழும் வினா, எவ்வளவு நீர் வரும் என்பதாம். ஆண்டு முழுதும் சீராக ஒழுகும் சீமை ஆறுகளைக் கண்டு பழகிய இஞ்சினீயர்களுக்கு, பத்து மாதம் வறண்டு சில நாளிற் பெருகும் நம் ஆறுகள் புதியனவாக இருந்தன. மேலும், நம் நாட்டிற் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. மேலைக் கண்மாய் உடையின் கீழைக் கண்மாயும் உடைந்து, மழையளவிற்கு மேற்பட்ட வெள்ளம் திரண்டு வரும். இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1884-இல் ரைவ்ஸ் என்பார் சென்னை மாகாணத்திற்கென ஒரு கணக்கு முறையை வகுத்தார். மழைநீர் வடிந்துவரும் நிலப்பரப்பு எட்டு மடங்காயின், வெள்ளம் எட்டு மடங்காகாது, நான்கு மடங்கே ஆகும் என்பது அதன் சாரம். பெரும்பரப்பு முழுவதிலும் ஒரே வேளையிற் கடுமழை பெய்தல் அரிதாதலானும், நீர் வந்து சேர நாழிகை பல செல்லுமாதலானும் இது பொருந்துவதாயிற்று. பாலத்தின் கண்கள் எத்தனை, எவ்வளவு அகலம் என்பன இத்தகைய கணக்கினாலும், பழைய வெள்ளம் ஏறிய அடையாளங்களாலும் முடிவு செய்யப்படும்.

இரண்டாவது வினா, தூணை எதன்மேல் நிறுத்துவது என்பதாம். பாறை கிடைப்பின் கவலையில்லை. மணலாற்றிலோ பல முழம் தோண்டினும் மணலே. இதற்கு இந்நாட்டுக் கிணற்றுத் தொழிலாளர் கையாண்டு வந்த முறையே விடையாயிற்று. ஆற்று மணலின்மேல் மரத்தாலோ இரும்பாலோ ஆகிய வட்டமான அடிவளையம் ஒன்றை வைத்து, அதன்மேற் செங்கற்சுவர் எழுப்புவர். உள்ளிருக்கும் மணலை அள்ள அள்ள, சுவர் தன் பாரத்தாலே கீழிறங்கும். இறங்குந்தோறும் மேலே கட்டிக்கொண்டே செல்வர். போதிய ஆழம் சென்றபின், அடியைக் காரையால் அடைத்து, உள்ளே நிரப்பி, அதன்மேற் பாலத்தின் தூணை எழுப்புவர். 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயில், ரூர்க்கிக்கு அருகே சோலானி ஆற்றைக் கடக்கும் பெருந்தொட்டிப் பாலம் இத்தகைய கிணறுகளின்மேலேயே நிற்கின்றது. பின்னர் வந்த இருப்புப்பாதைப் பாலங்கள் பலவற்றிற்கும் இதுவே அடிப்படை ஆயிற்று. தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. கீழடி அகழாய்விற் கிடைத்த சுடுமண் உறைக்கிணறுகள், நிலத்துள் உறையிறக்கும் தொழில் இங்கு எத்துணைப் பழைமையானது என்பதைக் காட்டும். இரும்பு சீமையினின்று வந்தது; அதனைத் தாங்கும் அடியை இறக்கிய கை இந்நாட்டுக் கை.

மூன்றாவது, தூண்களை இணைக்கும் மேற்கட்டு. சிறு ஓடைகளுக்குக் கல்லாலும் செங்கல்லாலும் வளைவுகள் கட்டினர்; பேராறுகளுக்கு இரும்பு உத்திரங்களை வைத்தனர். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்தருகே டீ ஆற்றுப் பாலத்து வார்ப்பிரும்பு உத்திரம் 1847-இல் வண்டி செல்லுகையில் முறிந்தபின், தேனிரும்பையும் அதன்பின் எஃகையும் நாடினர். உத்திரத்தின் ஒரு முனையை அசையாது பொருத்தி, மறுமுனையை நகரவிடுதல் முறை. ஏனெனின், வெப்பம் 30 பாகை ஏறின் 100 அடி நீளமுள்ள உத்திரம் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடங்கொடாவிடின் அது தூணையே தள்ளும்.

பாலங்கள் வீழ்ந்த வரலாறும் நமக்குப் பாடமாகும். ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இரவு புயற்காற்றில் வண்டியோடு வீழ்ந்தது. காற்றின் விசையைப் போதிய அளவு கணக்கிடாமையும், இரும்புத் தூண்களின் பிணைப்புக் குறைபாடும் காரணமென அறிந்தனர். அங்கே பகை காற்று. இங்கே பகை வெள்ளம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலை, சென்னையினின்று தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றிற் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்துச் சென்றிருந்தது. 140-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியார் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அவ்வண்டி நம் விருதுநகர், சாத்தூர் வழியாக வருவது என்பதை இளைஞர் நினைவிற் கொள்க. இதற்கு மாறாக, 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் உத்திரங்கள் பல 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலிற் கடலில் வீழ்ந்தன. எனினும் தூண்கள் பெரும்பாலும் நின்றமையால் 46 நாளிற் பாலம் செப்பனிடப்பட்டது. அடி நிலைக்கின் மேல் மீளும். அடி பெயரின் மீட்சி இல்லை.

வெள்ளம் எவ்வாறு அடியைப் பெயர்க்கும் எனின், கூறுவேன். ஓடிவரும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று, தூணைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டிச் செல்லும். வெள்ளம் வடிகையில் அக்குழி மீண்டும் மணலால் தூர்ந்துவிடுமாதலின், கோடையில் நாம் காணும் ஆற்றுத்தளம் வெள்ளத்தின்போது இருந்த தளமன்று. ஆகவே கிணற்றின் ஆழத்தை, வெள்ளம் தோண்டக்கூடிய ஆழத்திற்கும் கீழே செல்லுமாறு கணக்கிட்டே இறக்குவர். தூணைப் பிடித்திருக்கும் கை அதனைச் சூழ்ந்த மணலே.

இனி நம் கடமைக்கு வருவோம். ஆற்று மணலைப் பொன்னாக மதித்து அள்ளும் காலம் இது. மணல் பத்தடி குறையின், கிணற்றின் பிடிப்பும் பத்தடி குறையும். முன்னோர் கணக்கிட்டு இறக்கிய ஆழத்தை, லாரிகளால் நாமே குறைப்பதாகும். பாலங்களுக்கு அண்மையில் மணல் அள்ளலாகாது என்று சட்டம் உண்டு. ஆயினும் இரவிற் சட்டம் உறங்குவதைக் காண்கிறோம். நம்மவருள் வீடு கட்டுவோரும் கட்டடத் தொழில் புரிவோரும் பலர் உளர். மணல் வாங்குகையில் அது எங்கிருந்து வந்தது என ஒரு வினாவைக் கேட்டல் அவர்க்கு அரிதன்று. ஓரிடத்தில் தூணின் கீழ்க் கிணற்றுச் சுவர் வெளியே தெரியக் கண்டால், அதனை இரயில்வே அதிகாரிகளுக்கு எழுதி அறிவித்தல் ஊராரின் உரிமையுமாகும், கடமையுமாகும்.

பருத்திப் பொதியை ஏற்றிச் சென்ற பாதையில் இன்று நம் மக்கள் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் செல்கின்றனர். அவர்கள் உறங்கிச் செல்லும் இரவு வண்டியை உண்மையில் தாங்கி நிற்பது ஆற்று மணல். அம்மணலை ஆற்றிலேயே இருக்கவிடுவோமாக.