சைதாப்பேட்டையின் கள்ளித் தோட்டம்

1780களின் கடைசியில், அப்போது சென்னைக்கு வெளியே இருந்த சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் செலவில் ஒரு தோட்டம் போட்டது. காய்க்கோ கனிக்கோ போட்ட தோட்டம் அல்ல. கடல் கடந்து வரவழைத்த கள்ளி வகைகளை வரிசையாக நட்டு, பாத்தி கட்டி, ஆள் வைத்துக் காத்தார்கள். கள்ளிகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அதைத் தின்று வாழும் ஒரு பூச்சிதான் தேவைப்பட்டது.

இன்று மாடியில் தொட்டிக்கள்ளி வளர்ப்பவர்களுக்கு அந்தப் பூச்சியை நன்றாகத் தெரியும். சப்பாத்திக் கள்ளியின் மடலில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தோன்றும். மடல் மெல்ல மஞ்சளாகி, சுருங்கி, கடைசியில் உதிரும். அந்தப் பஞ்சைக் குச்சியால் தேய்த்தால் இரத்தம் போன்ற சிவப்பு ஒட்டிக்கொள்ளும். அதுதான் கொச்சினீல் பூச்சி. வெள்ளைப் பஞ்சு அது தன்மேல் சுரந்துகொள்ளும் மெழுகு. உள்ளே இருக்கும் பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஊசி போன்ற வாயை மடலில் இறக்கிவிட்டால் சாகும்வரை அங்கேயே இருந்து சாற்றை உறிஞ்சும். எறும்பு முதலிய எதிரிகளை விரட்ட அது உடலில் சேர்த்துவைக்கும் கார்மினிக் அமிலத்தில்தான் அந்தச் சிவப்பு இருக்கிறது.

மெக்சிகோவின் ஒஹாகா பகுதி மக்கள் ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பூச்சியை வளர்த்துச் சாயம் எடுத்தவர்கள். ஸ்பெயின் அதைக் கைப்பற்றி ஐரோப்பாவெங்கும் விற்றது. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறக்குறைய 70,000 காய்ந்த பூச்சிகள் வேண்டும். கம்பளிக்கும் பட்டுக்கும் அதற்கு நிகரான சிவப்பு அப்போது வேறு இல்லை. பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளின் செஞ்சட்டைக்கு இந்தச் சாயம். சாதாரணச் சிப்பாய்க்கு மலிவான மஞ்சிட்டி வகைச் சாயம். ஸ்பெயின் இந்த வணிகத்தைப் பொத்திப் பொத்திக் காத்தது. காய்ந்த சரக்கைப் பார்த்தவர்கள் அது விதையா பூச்சியா என்றே நெடுநாள் சண்டை போட்டார்கள்.

1777இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவுக்குள் நுழைந்து, ஒஹாகா வரை போய், உயிருள்ள பூச்சிகளையும் கள்ளி மடல்களையும் கடத்திக்கொண்டு கரீபியக் கடலிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குத் திரும்பினார். மூன்றே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். கள்ளி வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் 1787இல் அச்சாகியது.

சென்னையில் அப்போது கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். முசுக்கொட்டையும் பட்டுப்புழுவும் வளர்த்துப் பார்த்தவர். பயிர் பற்றிய ஆசை தீராதவர். 1786இல் சென்னைப் புல்வெளியில் சிவப்புச் சாறுள்ள ஒரு பூச்சியைக் கண்டதும், இதுதான் கொச்சினீல் என்று நம்பி லண்டனில் தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம்மேல் கடிதமாக எழுதினார். சோதித்ததில் அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவாது என்று தெரிந்தது. ஆண்டர்சன் சோரவில்லை. அசல் பூச்சி என்றாவது வரும், வரும்போது அதற்குத் தீனி தயாராக இருக்கவேண்டும் என்று வாதாடிக் கம்பெனியை இணங்கவைத்தார். சைதாப்பேட்டைத் தோட்டம் பிறந்தது அப்படித்தான். அதன் மேற்பார்வை அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரியிடம் போனது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் செடிகள் வந்தன.

சோழமண்டலக் கரைக்குச் சிவப்பு புதிதல்ல. இங்கே சாயவேரில் எடுத்த சிவப்பு ஏறிய பருத்தித் துணி உலகெல்லாம் போயிருக்கிறது. ஆனால் கம்பெனியின் கண் இங்கிலாந்தின் கம்பளி ஆலைகள்மேல் இருந்தது. கம்பளிக்குக் கொச்சினீல் வேண்டும்.

பூச்சி 1795இல் வந்தது. நீல்சன் என்ற படை அதிகாரி, இந்தியாவுக்கு வரும் வழியில் கப்பல் நின்ற ரியோ டி ஜெனிரோவில் பூச்சி பிடித்த சில செடிகளை எடுத்துக்கொண்டார். கல்கத்தா வந்து சேர்ந்தபோது அவற்றில் மிச்சமிருந்தவை கொஞ்சம் பூச்சிகள்தான். அங்கே தாவரவியல் தோட்டத்தில் அவற்றுக்குப் பலவகைக் கள்ளிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். இதற்கென்றே வளர்த்த மெக்சிகோ வகையை அந்தப் பூச்சி தொடவில்லை. முன்பே இந்தியாவுக்கு வந்து காடாக மண்டியிருந்த தென்னமெரிக்க வகையைத்தான் அது விரும்பித் தின்றது. வந்தது அசல் பூச்சியே அல்ல. அதன் காட்டுச் சகோதரம். அதில் சாயம் குறைவு, மெழுகு அதிகம்.

சென்னைக்கும் அது வந்தது, பல்கிப் பெருகியது. சாயத்துக்கோ நல்ல விலை கிடைக்கவில்லை. 1800 வாக்கில் கம்பெனி தோட்டத்தைக் கைவிட்டது. செடிகளில் ஒரு பகுதி பெங்களூர் லால்பாகுக்குப் போனதாகச் சொல்வார்கள். ஆண்டர்சன் 1809இல் சென்னையிலேயே இறந்தார். செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சிற்பி சாண்ட்ரி வடித்த அவருடைய சிலை இருக்கிறது. அந்த மனிதரின் விடாமுயற்சியை மதிக்காமல் இருக்க முடியாது. அவர் தவறவிட்டது ஒன்றைத்தான்: ஒவ்வொரு கொச்சினீல் இனத்துக்கும் தனக்கென்று ஒரு கள்ளி உண்டு.

அவர் காலத்துக்குப் பிறகு அந்த உண்மைதான் ஊருக்கு உதவியது. வட இந்தியாவில் பரவிய பூச்சி, விளைநிலங்களை அடைத்துக்கொண்டிருந்த காட்டுக் கள்ளியைத் தின்று தீர்த்ததைப் பலரும் கண்டார்கள். 1836 முதல் 1838 வரை அதைத் தெற்கே கொண்டுவந்து வேண்டுமென்றே விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஏவி வெற்றி கண்ட உலகின் முதல் முயற்சியாக ஆய்வாளர்கள் இதைத்தான் எண்ணுகிறார்கள். 1860களில் இலங்கைக்கும் அதே பூச்சி போனது. அங்கிருந்து 1914 வாக்கில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய் அங்கும் அதே வகைக் கள்ளியை ஒழித்தது.

ஆனால் தமிழ்நாட்டில் வேறொரு கள்ளி மிஞ்சி நின்றது. மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமுமாக நாம் சப்பாத்திக் கள்ளி என்று அறிவது அதைத்தான். வேலிக்கு நட்டது வயலுக்குள் ஏறியது, மேய்ச்சல் நிலத்தை மூடியது. பழைய பூச்சி அதைச் சீண்டவே இல்லை. ஆஸ்திரேலியாவிலோ நிலைமை இன்னும் மோசம். 1925இல் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் கள்ளியின் பிடியில் இருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து வரவழைத்த ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளில் அந்த நிலத்தை மீட்டன. பூனார்கா என்ற ஊரில் 1936இல் அந்தப் பூச்சியின் பெயரிலேயே நினைவு மண்டபம் கட்டினார்கள். ஆஸ்திரேலியா தன் கள்ளிக்காக வரவழைத்திருந்த இன்னொரு கொச்சினீல் இனம், இலங்கை வழியாக 1926இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது. கிராமத்தில் இன்று சப்பாத்திக் கள்ளி ஆங்காங்கே ஒரு புதராக மட்டும் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வயலைக் காத்த பூச்சிதான் தொட்டிச்செடிக்கு எமன். இதற்கு மருந்தும் ஒஹாகா விவசாயியிடமே இருக்கிறது, தலைகீழாக. அவர் மழைக்கு அஞ்சினார். கொட்டும் மழை பூச்சிகளை மடலிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் மழைக்காலத்தில் பூச்சி மடல்களைக் கூரைக்கடியில் வைத்துக் காத்தார். அந்த மழையின் வேலையை நாமே செய்யலாம்: குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் பாதிப் பூச்சி உதிர்ந்துவிடும். மிச்சத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கவேண்டும். பிறகு வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒரு முறை தெளிக்கலாம். மெழுகைத் தேய்த்து எடுக்காமல் மருந்து தெளித்தால் அது பூச்சியைத் தொடாது. தேய்க்கும்போது சிவப்பு வராவிட்டால் அது மாவுப்பூச்சி. வைத்தியம் ஏறக்குறைய இதேதான், ஆனால் தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பார்க்கவேண்டும்.

நம் ஊரில் கள்ளியைப் பூச்சியைவிட அதிகமாகக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மழை. அடித்தண்டு பழுப்பாகிக் குழைந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். மேலே பச்சையாக இருக்கும் பகுதியை நறுக்கி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை ஒரு வாரமாவது நிழலில் போட்டு, பிறகு மணலும் சரளையும் பாதிக்குமேல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும். ஈர வெட்டோடு நட்டால் மீண்டும் அழுகும்.

பூச்சியின் ஆபத்தோ ஒரு தொட்டியோடு நிற்பதில்லை. மொராக்கோவில் 2014இல் கொச்சினீல் பூச்சி புகுந்தது. பழத்துக்கும் தீவனத்துக்கும் கள்ளி பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களின் தோட்டங்கள் வரிசையாக வீழ்ந்தன. பூச்சியைத் தாங்கும் வகைகளைத் தேடி நட்டு அவர்கள் மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது. பிறந்தவுடன் நடமாடும் குஞ்சுப் பூச்சிகள் காற்றில் மிதந்து அடுத்த செடிக்குப் போகும். ஆகவே பூச்சி பிடித்த மடலை வெட்டினால் குப்பைமேட்டிலோ வேலியோரத்திலோ வீசிவிடாதீர்கள். பையில் போட்டு இறுகக் கட்டுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். புதிதாக வாங்கி வந்த கள்ளியை ஒரு மாதமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள்.