வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைகள்

கர்நாடக சங்கீதம் பத்திப் பேசறவங்க 'தனம்மாள் பாணி'ன்னு அடிக்கடி சொல்வாங்க. யார் அவங்க?

வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுன்காரர், தேவதாசி மரபு. பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சாவூர் அரசவையில் ஆடியவர். அம்மா சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியோட மகன் சுப்பராய சாஸ்திரிகிட்ட பாட்டு கத்துக்கிட்டவர்.

தனம்மாள் விரலில் மீட்டி மாட்டாம, வெறும் விரலாலேயே வாசிப்பார். கூடவே மெல்லப் பாடவும் செய்வார். சத்தம் ரொம்பச் சன்னம். பெரிய கூட்டத்துக்கான சங்கீதம் இல்லை அது. அதனால வித்வான்களும் ரசிகர்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாங்க. கடைசிக் காலத்தில் பார்வை போச்சு, பணக்கஷ்டமும் வந்தது. வாசிப்பு மட்டும் நிக்கல.

1930கள்ல பதிவான சில இசைத்தட்டுகள் இருக்கு. ஆனா உண்மையான 'பேக்கப்' அவங்க குடும்பம்தாங்க! பேரப்பிள்ளைகளைப் பாருங்க: பிருந்தா, முக்தா பாட்டு, பாலசரஸ்வதி நடனம், ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல்.

தேவதாசிக் குடும்பங்களை ஒதுக்கி வச்ச அதே சென்னையில, பின்னாடி மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது: பாலசரஸ்வதிக்கு 1973, பிருந்தாவுக்கு 1976, விஸ்வநாதனுக்கு 1988. பாட்டி அதையெல்லாம் பார்க்க இல்லை. ஆனா ஒரு வீட்டுக்குள்ள கேட்ட அந்தச் சன்னமான வீணைதான் மேடையேறியதுன்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு?