தூக்க மாத்திரை போடும் பெரியவர்கள் இரவில் கீழே விழுவது ஏன்? வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை!

"வயசாயிடுச்சு, கால் தடுக்கிடுச்சு..." வீட்டில் பெரியவர்கள் கீழே விழுந்தால் பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். முந்தைய இரவு அவர்கள் போட்ட தூக்க மாத்திரையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தவறி விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6.84 லட்சம் பேர் உயிரிழக்கின்றனர். இதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

எந்தெந்த மாத்திரைகள்?

அல்பிரசோலம், டயசெபம், லோராசெபம், குளோனாசெபம் ஆகியவை 'பென்சோடயசெபைன்' வகையைச் சேர்ந்தவை. சோல்பிடெம் வேறு வகை என்றாலும் விழும் ஆபத்து அதிலும் உண்டு. சளி, அரிப்புக்குக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின், பெனிரமின் போன்றவையும் தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும்.

முதியவர்களுக்கு ஏன் ஆபத்து?

வயது ஏற ஏற, உடல் மருந்தை வெளியேற்றும் வேகம் குறையும். டயசெபம் போன்ற மருந்துகள் உடல் கொழுப்பில் தங்கிவிடும். நேற்று போட்டது முழுசாக வெளியேறும் முன்பே இன்றைய மாத்திரையும் உள்ளே போய்விடும். இதனால் தசைகள் தளரும், நடை தள்ளாடும். கால் இடறினால் சுதாரிக்கவும் நேரமாகும்.

இந்த நிலையில் இரவு 2 மணிக்கு பாத்ரூம் போக எழுந்தால்? பிரஷர் மாத்திரையும் போடுபவர் என்றால், சட்டென எழும்போது ரத்த அழுத்தம் இறங்கி தலை கிறுகிறுக்கலாம். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பழையபடி நடக்க முடியாமலே போகலாம்.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-ல் புதுப்பித்த 'பியர்ஸ்' பட்டியலும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு பென்சோடயசெபைன் வகை மருந்துகளையும் சோல்பிடெமையும் தவிர்க்கவே சொல்கிறது.

உடனே நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது! நீண்ட நாள் போட்டவர்கள் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், கை நடுக்கம் வரலாம். சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

வயதானவர்களால் இதை விட முடியுமா என்ற சந்தேகம் வரலாம். கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. மாத்திரையின் ஆபத்தையும், படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேடு முதியவர்களுக்குத் தரப்பட்டது. 6 மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுமையாக நிறுத்தினர். கையேடு பெறாதவர்களில் இது வெறும் 5 சதவீதம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* போடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள். "இது இன்னும் தேவையா?" என்று கேளுங்கள்.

* கீழே விழுந்தாலோ, தடுமாறினாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

* பழைய மருந்துச் சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்க வேண்டாம். அல்பிரசோலம், டயசெபம், சோல்பிடெம் ஆகியவை இந்தியாவில் 'ஷெட்யூல் எச்1' மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

* கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். சுவரில் கைப்பிடி பொருத்துங்கள்.

* எழுந்ததும் நடக்காமல், கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு நடக்கச் சொல்லுங்கள்.

* பகல் தூக்கம், மாலை காபி இரண்டையும் குறைத்தாலே இரவுத் தூக்கம் மேம்படலாம்.

விழுந்து தலையில் அடிபட்டாலோ, எழ முடியாத வலி இருந்தாலோ, காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.